போகிக்கு முன்னால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு காலனி. மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை. பழைய புத்தகங்கள், கையெழுத்து நோட்டுகள், ஓலைச்சுவடிகள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று நாங்கள் கேட்டதும் ஆயா சிரித்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர்.

"போன போகிக்குத்தாம்பா ஒரு மூட்டை எடைக்குப் போட்டேன். கரையான் அரிச்சிக் கெடந்துது. முப்பது ரூபா குடுத்தான்."

ஆயாவின் மாமனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வேலையை விட்டு ஊர் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாராம். "ராத்திரியில சிம்னி வெளக்க வெச்சிகினு சத்தமா படிப்பாரு. தெருவே குந்திக் கேக்கும்" என்றார் ஆயா. அவர் என்ன படித்தார் என்று கேட்டோம். "அது எனுக்கு எங்க தெரியும்? புத்தரு பத்திப் படிப்பாரு. பேப்பரு படிப்பாரு."

பெட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அட்டை போன சிறுநூல் ஒன்று. அதன் கடைசிப் பக்கத்தில் 'சித்தார்த்த புத்தகசாலை' என்ற பெயர். பௌத்த முறைப்படி நடந்த ஒரு திருமணத்தின் அழைப்பிதழ். கூட்ட நோட்டீஸ்கள் நான்கு. கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்றில் மையால் எழுதிய தெருக்கூத்துப் பிரதி. எடைக்குப் போன மூட்டையில் என்னென்ன இருந்தன என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

நாங்கள் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு கூத்துக் கலைஞர் என ஏழெட்டுப் பேர். விடுமுறை நாட்களில் சேரிகளுக்கும் காலனிகளுக்கும் போய் இப்படிக் கேட்டு வருகிறோம். பத்து வீட்டில் கேட்டால் ஒரு வீட்டில் ஏதாவது கிடைக்கும். பெரும்பாலும் நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறோம்.

எழுதியவர்கள் நாம், காத்தவர்கள் யார்?

'உங்களுக்கு ஏது எழுத்து, உங்களுக்கு ஏது ஏடு' என்ற கேள்வியை நம் பிள்ளைகள் இன்றும் வகுப்பறையில் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் ஏட்டைக் காட்ட வேண்டும். ஏடு நம்மிடம் இருந்தது.

1869இல் 'சூரியோதயம்', 1885இல் 'திராவிட பாண்டியன்', 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய 'பறையன்', 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்று வரிசையாக இதழ்கள் வந்திருக்கின்றன. இவை எல்லாம் சொந்தப் பணத்திலும் சந்தாக்காரர்களின் காசிலும் நடந்தவை. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாத இருபது பேர் கேட்பார்கள். ஆயாவின் மாமனார் வீட்டுத் திண்ணையில் நடந்ததும் அதுதான்.

இந்த இதழ்களில் எத்தனை இன்று நம் கையில் இருக்கின்றன? 'பறையன்' 1900 வரை ஏழாண்டுகள் வெளிவந்தது. அதன் முழுத் தொகுப்பை யாரும் கண்டெடுக்கவில்லை. அதில் என்ன எழுதப்பட்டது என்பதை ஓரளவு அறிய உதவுவது வெள்ளைக்கார அரசாங்கத்தின் கோப்பு. சுதேசி இதழ்கள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க, அரசு மொழிபெயர்ப்பாளர்கள் செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்புவார்கள். அந்தச் சுருக்கங்கள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் பாட்டன் தமிழில் எழுதியதை நாம் ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய நிலை. இதழைச் சேர்த்து வைத்த வீடுகள் பத்து தப்பியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

'தமிழன்' தப்பியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். இதழ் நின்றும் நடந்தும் போய், 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வந்தது. அங்கே வேலைக்குப் போனவர்களில் நம் வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஏராளம். சுரங்கத்தில் இறங்கிய கைகள்தான் சந்தா கட்டின, இதழைப் பாதுகாத்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பல ஆண்டுகள் காத்தார்கள். அப்படிக் காக்கப்பட்டவற்றைக் கொண்டுதான் ஞான அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரு தொகுதிகளைத் தொகுத்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவற்றை வெளியிட்டது. இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரைப் பற்றி ஆய்வுப் பட்டங்கள் வாங்கப்படுகின்றன. அதற்கெல்லாம் மூலம், யாரோ சிலர் தம் வீட்டுப் பரணில் எறும்பும் கரையானும் அண்டாமல் வைத்திருந்த தாள்கள்.

குறளைக் கொடுத்த கை

அயோத்திதாசர் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர்தான் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைப் பிரதியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்பது பண்டிதரின் கூற்று. திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறியது 1812இல். நம் வீடுகளில் ஓலை இருந்ததா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஓலைகள் அழிந்த கதை எல்லாச் சாதியிலும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டதைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் மனம் வெந்து எழுதியிருக்கிறார். கோயிலிலும் மடத்திலும் இருந்தவற்றுக்கே அந்தக் கதி என்றால், கூரை வீட்டில் இருந்தவற்றுக்கு என்ன கதி? நமக்கு மழையும் கரையானும் மட்டும் எதிரி அல்ல. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தினார்களே, அப்போது பிள்ளைகளின் சான்றிதழ்களும் புத்தகங்களும் சேர்ந்தே கருகின. ஒவ்வொரு தீயிலும் ஒரு பெட்டி போகிறது.

அம்பேத்கர் புத்தகங்களுக்காகவே தாதரில் 'ராஜகிருகம்' என்ற வீட்டைக் கட்டினார். அவர் 1956இல் மறைந்தபோது அச்சேறாத எழுத்துகள் ஏராளமாக இருந்தன. மகாராட்டிர அரசு 1979இல்தான் அவருடைய தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. சில கட்டுரைகள் நடுவே பக்கங்கள் இல்லாமல் கிடைத்தன என்று அத்தொகுதிகளிலேயே குறிப்புகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய தலைவரின் தாள்களுக்கே அந்த நிலை. கூத்து வாத்தியாரின் நோட்டை யார் காப்பார்கள்?

எது அரிய நூல்?

அச்சுப் புத்தகமும் பழைய ஏடும் மட்டும்தான் மதிப்புள்ளவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூத்து வாத்தியார் கையால் எழுதிய கர்ணமோட்சம், இரணியன் நாடகப் பிரதிகள். நாட்டு வைத்தியரின் மருந்துச் சுவடி. வள்ளுவர் வீட்டுச் சோதிட ஏடு. ஒப்பாரியும் தாலாட்டும் எழுதி வைத்த பள்ளி நோட்டு. சங்கத்தின் கணக்குப் புத்தகம், மினிட் புத்தகம். கூட்ட நோட்டீஸ், துண்டறிக்கை, கடிதம், இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு எல்லாமே ஆவணங்கள்தாம். கூத்துப் பிரதி ஊருக்கு ஊர் மாறும். ஒரு நோட்டு போனால் ஒரு ஊரின் பாட்டே போகிறது.

காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்தார். அவர் 1992இல் இறந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது நாட்டை விட்டுப் போகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிற்கிறது. தனி ஒரு மனிதர் தொடங்கியதுதான் அது.

கொடுக்கும் முன் யோசியுங்கள்

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஊரில் கூத்துக் கலைஞர் ஒருவர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார். முன்பு ஆய்வாளர் ஒருவர் வந்து, "ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன்" என்று அவர் அப்பாவின் மூன்று நோட்டுகளை வாங்கிப் போனாராம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "அதுல எங்கப்பா கையெழுத்து இருந்திச்சு சார். வேற போட்டோகூட எங்ககிட்ட இல்ல" என்றார். அவரிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. மூலத்தை வீட்டை விட்டு எடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து படம் எடுக்கிறோம். ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுக்கிறோம். வீட்டுக்காரர் தாமாக விரும்பி நூலகத்துக்குக் கொடுத்தால், எழுத்தில் ரசீது வாங்கித் தருகிறோம். யார் வந்து கேட்டாலும் நீங்களும் இதையே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மாணவர்கள் செய்யக்கூடியது

முதலில் பட்டியல் எடுங்கள். ஒரு நோட்டில் எண் போட்டு, என்ன நூல், யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பேர் தெரியாத நூல் பாதி ஊமை.

படம் எடுக்கும்போது வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாக எடுங்கள். காலிப் பக்கத்தையும் விடாதீர்கள். செல்போன் போதும். எடுத்ததை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை ஊறிக் கறையாகும். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். பெட்டியில் வசம்பு போடலாம். ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் தடவுவது வழக்கம். காகிதத்துக்கு அதைத் தடவக் கூடாது. ஓலை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறை, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

பழைய பேப்பர் கடைக்காரரைப் பகைக்காதீர்கள். அவரிடம் பழகி, "பழைய தமிழ் நோட்டு வந்தால் எடுத்து வையுங்கள்" என்று சொல்லி வையுங்கள். எங்களுக்கு இரண்டு நல்ல நூல்கள் அப்படித்தான் கிடைத்தன.

ஆயா வீட்டில் மாலைவரை இருந்தோம். பதினோராம் வகுப்புப் படிக்கும் பேரன் விளையாடிவிட்டு வந்தான். கூத்து நோட்டை அவன் கையில் கொடுத்தோம். தடுமாறித் தடுமாறி ஒரு பக்கம் படித்தான். எழுத்துக் கூட்டும் வேகம் வந்ததும் அவனை அறியாமல் ராகமும் கொஞ்சம் வந்தது. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

பெட்டி அங்கேயே இருக்கிறது. பட்டியலின் முதல் நகல் பேரனிடம் இருக்கிறது. போகியன்று காலையில் பாயும் துடைப்பமும் போகட்டும். பெட்டிமேல் யாரும் கை வைக்க விடமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான்.