அந்திக்கிறிஸ்துல 'அந்தி' எங்கிருந்து வந்தது?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசப் போறோம். அந்திக்கிறிஸ்து.

அந்தச் சொல்லிலேயே தமிழ்க்காரங்க வழுக்குற ஒரு இடம் இருக்கு. 'அந்தி'ன்னா நமக்குச் சாயங்காலம். அதனால உலகத்துக்கே பொழுது சாயும்போது வரப்போறவன்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க. கேக்க பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா தற்செயல். அது கிரேக்கத்துல இருந்து அப்படியே வந்த 'ஆன்டி'. அதுக்கு 'எதிராக'ன்னு ஒரு அர்த்தம், 'பதிலாக'ன்னு இன்னொரு அர்த்தம். 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்புல 'எதிர்க்கிறிஸ்து'ன்னே போட்டாங்க. குழப்பம் தீர்ந்தது. அந்தப் 'பதிலாக' மட்டும் விட்டுப்போச்சு.

அடுத்த ஆச்சரியம். பைபிள் முழுக்கத் தேடினாலும் இந்தச் சொல் யோவான் பேர்ல இருக்கிற ரெண்டு கடிதங்கள்ல மட்டும்தான் வருது. 1 யோவான் 2:18, 2:22, 4:3, அப்புறம் 2 யோவான் 7. அவ்வளவுதான். 666 வர்ற வெளிப்படுத்தின விசேஷத்துல ஒரு தடவை கூட இல்லை.

அந்தக் கடிதங்கள் என்ன சொல்லுது? ஒருத்தன் வருவான்னு கேள்விப்பட்டிருக்கீங்க, ஆனா இப்பவே நிறைய பேர் வந்தாச்சுங்குது. பன்மை! அவங்க யாருன்னும் சொல்லுது: நம்மகிட்ட இருந்து பிரிஞ்சு போனவங்க. அதாவது ஒரே சபையில பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணவங்க. பிரச்சினை என்னன்னா, இயேசு நிஜமான மனுஷ உடம்போட வந்தார்ங்கிறதை அவங்க ஏத்துக்கலை. முதல் நூற்றாண்டு முடியுற சமயம், ஒரு சின்னக் கூட்டம் ரெண்டா உடைஞ்ச வலியில எழுதினது இது. கொம்பு வெச்ச வில்லன் எங்கயும் கிடையாது.

அப்போ அந்த வில்லன் எப்படி வந்தான்? பின்னாடி வந்தவங்க ஒட்டுப்போட்டது. தெசலோனிக்கேயருக்கு எழுதின ரெண்டாம் கடிதத்துல ஒரு 'பாவ மனுஷன்' வர்றான். வெளிப்படுத்தல் 13-ல கடல்ல இருந்து ஒரு மிருகம் ஏறுது. இந்த ரெண்டையும் யோவானோட சொல்லையும் சேர்த்து ஒரே ஆளா ஆக்கிட்டாங்க. சினிமா எடுக்குறவங்களுக்கு அது ரொம்ப வசதியாப் போச்சு.

666-ஐப் பத்தியும் சொல்லிடறேன். தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு இது சுலபமாப் புரியணும். ஔவையார் பேர்ல ஒரு வசைப்பாட்டுக் கதை இருக்கு, கேட்டிருப்பீங்க. தமிழ் எண்கள்ல எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. ரெண்டையும் சேர்த்தா 'அவ', அதோட லட்சணம். திட்டு ரெடி! எபிரேயத்துலயும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நேரோன் கேசர்'னு எபிரேய எழுத்துல எழுதிக் கூட்டினா 666. கடைசி 'ன்' இல்லாம 'நேரோ'ன்னு எழுதினா அம்பது குறைஞ்சு 616 வரும். சில பழைய பிரதிகள்ல 616-ன்னே இருக்கு. அதனாலதான் பல அறிஞர்கள் கை காட்டுறது, 64-ல ரோம் எரிஞ்சப்போ பழியைக் கிறிஸ்தவங்க மேல போட்ட அந்தப் பேரரசனை.

இதெல்லாம் பழைய கதைதானேன்னு விட்டுட முடியாது. எங்க ஊர் தியாகதுருகம். கள்ளக்குறிச்சி பக்கம், மலைக்கோட்டை இருக்கிற ஊர். 2021-ல எங்க அத்தை முதல் தடுப்பூசி போட்டுட்டு வந்தாங்க. அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ. "ஏன்டா தம்பி, ஊசி போட்டா மிருகத்தோட முத்திரை விழுந்துடுமாமே?"ன்னு போன்ல கேட்டாங்க. குரல்ல நிஜமான பயம். அவங்களுக்குச் சர்க்கரை உண்டு, வயசு 60-க்கு மேல. ரெண்டாவது டோஸ் ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு. கடைசியில, "அத்தை, வசனத்துல வலது கை, இல்லன்னா நெத்தின்னு இருக்கு. உங்களுக்குப் போட்டது இடது கையில"ன்னேன். "அப்போ அடுத்ததையும் இடது கையிலயே போடச் சொல்றேன்"னாங்க. போட்டுக்கிட்டாங்க. (இறையியல் ஜெயிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன்.)

மிசோரம்ல சில குடும்பங்கள் இதே பயத்துல ஆதார் வேண்டாம்னாங்க. அதுக்கு முன்னாடி பார்கோடு. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முத்திரை கிடைச்சுடுது. வெளிப்படுத்தலைப் படிச்சா, யாரை வணங்குறோம்ங்கிறதுதான் அங்க முத்திரையோட பேச்சு. பேரரசனைக் கும்பிடாம வாங்க விற்க முடியாதுங்கிற நெருக்கடி.

எனக்கு முத்திரை பயத்தை விட பெரிய தொந்தரவா தெரியறது இன்னொண்ணு. இந்தப் பேரை அடுத்தவங்க மேல ஒட்டுறது. லூத்தர் போப்பையே அந்திக்கிறிஸ்துன்னார். 1537-ல எழுதின ஷ்மால்கால்ட் கோட்பாடுகள்ல அது இருக்கு. அந்த லூத்தரன் மரபுல வந்த சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடியில இறங்கினார். கொஞ்ச வருஷத்துல இந்தப் பக்கம் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் வந்தார். எங்க ஊர்ல இருந்து உளுந்தூர்பேட்டை தாண்டிப் போனா வருமே, கோணான்குப்பம், அங்க கோயில் எழுப்பினவர். அவர் 'லுத்தேரினத்தியல்பு'ன்னு ஒரு புத்தகமே எழுதினார், எதிர்த்தரப்பைச் சாடி. ஐரோப்பாவுல ஆரம்பிச்ச சண்டை, அச்சுத் தமிழுக்கும் உரைநடைக்கும் உரம் போட்டது வேற கதை. இன்னைக்கும் யூடியூப்ல பக்கத்து சபைப் போதகரை அந்திக்கிறிஸ்துன்னு சொல்ற வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை.

மூலத்தைப் படிக்கணும்னா ரெண்டாம் யோவான் மொத்தமே 13 வசனம். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். ஏழாவது வசனத்துல நம்ம சொல் வருது. அதுக்கு முன்னாடி அஞ்சாவதுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.