தானாக முளைத்த பயிர்: எதை விடுவது, எதைப் பிடுங்குவது?

மாரி மழை தொடங்கி இரண்டொரு வாரத்தில், குப்பை கொட்டிய இடத்திலும் கிணற்றடியிலும் நாம் விதைக்காத தக்காளி, மிளகாய், பூசணி, கீரை என்பன முளைத்து நிற்பதைக் காண்கிறோம். சமையற் கழிவோடும் கழுவி ஊற்றிய தண்ணீரோடும் போன விதைகளே இவை. இடம்பெயர்ந்து வந்த இடத்தில் விதை வாங்கக் கையில் காசில்லாத குடும்பத்திற்கு இவை பெரும் உதவி. ஆனால் முளைத்த எல்லாவற்றையும் அப்படியே விட்டால் ஒன்றையொன்று நெருக்கி எதுவும் சரியாகக் காய்க்காது. சில கன்றுகள் நோயைப் பரப்பும். சில நஞ்சாகவும் முடியும். ஆகவே தெரிந்தெடுத்து வளர்க்கப் பழகுவோம்.

1. இனங்காணுதல்

ஊமத்தங் கன்று இளமையில் கத்தரிக் கன்று போலத் தோன்றும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வீசும். பூ நீண்ட புனல் போலவும் காய் முள்ளுள்ளதாகவும் இருக்கும். கீரையோடு கீரையாக நிற்கும் அறியாத செடியைக் கறிக்குப் பறிக்க வேண்டாம். மலசலகூடத்தின் அருகிலும் கழிவு வாய்க்காலிலும் முளைத்த கீரையைப் பிடுங்கிவிடுங்கள்.

2. இடம் மாற்றுதல்

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை 4 முதல் 6 இலை வந்ததும் மாற்றி நடலாம். முதலில் தண்ணீர் ஊற்றி, மாலையில் வேர்மண்ணோடு கிளப்புங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் 2 அடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். தக்காளியைச் சற்று ஆழமாக நட்டால் தண்டிலிருந்தும் வேர் விடும். மூன்று நாலு நாளைக்கு ஓலையால் நிழல் கொடுங்கள்.

பூசணி, சுரை, பாகல் என்பன வேர் அசைவதைத் தாங்கா. நல்ல கன்று ஒன்றிரண்டை அங்கேயே விட்டு, மற்றவற்றைப் பிடுங்காமல் நிலமட்டத்தில் வெட்டிவிடுங்கள்.

3. நோயைக் கவனித்தல்

இலை சுருண்டு செடி குறுகினால் அது பெரும்பாலும் வெண் ஈ பரப்பும் வைரசு நோய். அதற்கு மருந்தில்லை. பிடுங்கி எரியுங்கள்.

பச்சை மாறாமலே தக்காளி அல்லது கத்தரி திடீரென வாடினால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீருள்ள கிளாசில் நுனி படப் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். இது மண்ணில் தங்கும். செடியை வேரோடு எரித்து, அவ்விடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் நடாமல் சோளம் போடுங்கள்.

4. கசப்பைச் சோதித்தல்

சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் மகரந்தத்தைத் தேனீக்கள் பல செடிகளுக்கும் காவுவதால், தானாக முளைத்த கொடியின் காய் சிலவேளை கசக்கும். சமைக்குமுன் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறியுங்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். பாகற்காயின் இயற்கையான கசப்பு வேறு.

5. விதை எடுத்தல்

கலப்பினப் பழத்தின் விதையில் வரும் செடிகள் தாயைப் போல ஒரே சீராக இரா. அவற்றிலும் நோயின்றி நன்றாகக் காய்க்கும் செடியைத் தெரிந்தெடுக்கலாம். தின்னவேலி ஊதாக் கத்தரி போன்றவை பெரும்பாலும் தம் இனத்தைக் காக்கும். தக்காளி விதையை அதன் சாற்றிலேயே இரண்டு நாள் வைத்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பின் சாம்பல் கலந்து, உலர்ந்த போத்தலில் அடைத்துப் பெயரும் திகதியும் எழுதுங்கள்.

மீண்டும் இடம் மாற நேர்ந்தால் தோட்டத்தைக் கொண்டுபோக முடியாது. போத்தலைக் கொண்டுபோகலாம். அயல் வீட்டாருக்கும் ஒரு பங்கு கொடுத்து வைப்போம். ஒரு வீட்டில் விதை தவறினாலும் மற்ற வீட்டில் இருக்கும்.