புத்திமதி சொல்லாத தொழில்

உளவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எனக்கு வயது 38. உம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஊருக்குப் புத்தி சொல்ல டிப்ளோமாவும் வேணுமா மகள்?”

நியாயமான கேள்வி. மூன்று பிள்ளைகளை வளர்த்து, பத்து வருடம் பாலர் பாடசாலையில் படிப்பித்த ஒருத்திக்குப் புத்தி சொல்வது மூச்சு விடுவது மாதிரி. அந்தப் பழக்கத்தை விடுவதுதான் என் படிப்பின் பெரும்பகுதியாக இருந்தது. இந்தத் தொழில் எப்படிப்பட்டது, அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பெயர். நமது நாட்டு அரச அலுவலகங்களில் ‘உளவளத்துணை’ என்பார்கள். வடக்கில் ‘சீர்மியம்’ என்ற சொல்லும் உண்டு. ‘ஆலோசனை’ என்பதும் பரவலாக வழங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவர் மேசைக்குப் பின்னாலிருந்து அறிவுரை வழங்கும் காட்சிதான் மனதில் வருகிறது. உளவளத்துணை என்பதே எனக்குப் பிடித்த சொல். அதில் ‘துணை’ இருக்கிறது.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் மனநோய்களில் விசேட பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுபவர் அவரே. உளவளத்துணையாளர் மருந்து கொடுப்பதில்லை. நோய்க்குப் பெயர் சூட்டுவதும் அவருடைய வேலையல்ல. பேச்சின் வழியாக ஒருவர் தன் நிலையைத் தானே தெளிவாகப் பார்க்க உதவுவதும், மருத்துவர் தேவைப்படும் இடத்தைக் கண்டுகொண்டு உரிய காலத்தில் அனுப்பி வைப்பதுமே அவர் கடமை. இரண்டாவது கடமை முதலாவதைவிடச் சிறியதல்ல.

படிப்பு வார இறுதி நாட்களில். மாவனல்லையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய், மஃரிபுக்குப் பிறகு வீடு திரும்புவேன். பாடங்களில் என்னை மிரட்டியது புள்ளிவிபரவியல். இடை, இடையம், ஆகாரம் எல்லாவற்றையும் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் மீண்டும் சொல்லித் தந்தாள். நியம விலகல் விளங்கிய இரவில் இருவரும் பிளேன்டீ ஊற்றிக் குடித்தோம். வயது கூடினால் மூளை மங்கிவிடும் என்ற பயத்துக்கும் பாடத்திலேயே பதில் கிடைத்தது. ரேமண்ட் கற்றல் என்ற உளவியலாளர் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்தார். புதிய புதிரை விரைவாக அவிழ்க்கும் ஆற்றல் இளமையில் உச்சத்தைத் தொட்டுப் பின் மெல்லக் குறையும். அனுபவத்தாலும் மொழியாலும் சேர்கின்ற அறிவோ நடுவயதிலும் வளர்ந்துகொண்டிருக்கும். புள்ளிவிபரத்துக்கு முதலாவது இல்லாமல் திணறினாலும், மனிதரைக் கேட்பதற்கு இரண்டாவது எனக்குக் கைகொடுத்தது.

உளவளத்துணைப் பயிற்சி தொடங்கியபோதுதான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. மூவர் மூவராக உட்கார வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். கேட்பவர் எத்தனை தடவை குறுக்கிட்டார், எத்தனை கேள்வி கேட்டார், எந்த நிமிடத்தில் அறிவுரை சொல்லத் தொடங்கினார் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் விழும். எங்கள் வகுப்பில் ஆசிரியைகளும் தாதியரும் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தைப் புத்திமதி இல்லாமல் கடந்தவர் முதல் வாரத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு பயிற்சியை உதாரணமாகச் சொல்கிறேன். உயர்தர மாணவியாக நடித்த தோழி, “பரீட்சை மண்டபத்துக்குள்ள போனா கை நடுங்குது” என்றார். நம்மில் யாரும் உடனே என்ன சொல்வோம்? “பயப்படாதீங்க, நீங்க நல்லாச் செய்வீங்க.” அன்பான வார்த்தைதான். ஆனால் அதற்கு “சரி” என்பதைத் தவிர அந்தப் பிள்ளையால் சொல்லக்கூடியது எதுவுமில்லை. கதவு மூடிவிட்டது. இதற்கு மாறாக, “உள்ளே காலடி வைக்கும்போதே நடுக்கம் தொடங்கிவிடுகிறது” என்று அவள் சொன்னதையே நிதானமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், சிறிது மௌனத்தின் பின், “வாப்பா கட்டார்ல இருந்து தினமும் கோல் எடுத்து, எத்தனை ஏ வரும் என்று கேக்கிறார்” என்று வருகிறது. நடுக்கத்தின் வேர் மண்டபத்தில் இல்லை. அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் மாதக்கணக்கில் பழகுகிறோம்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான கார்ல் ரொஜர்ஸ் (1902 - 1987). விவசாயம் படிக்கத் தொடங்கி, வரலாற்றுக்கு மாறி, கிறிஸ்தவ இறையியல் கல்லூரிக்குப் போய், அதன் பிறகே உளவியலுக்கு வந்தவர். வழி மாறிப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம். துணை நாடி வருபவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் உலகை அவர் கண்ணால் பார்த்தல், தானும் பாசாங்கின்றி இருத்தல் ஆகியவை துணையாளரிடம் இருக்கவேண்டிய மூன்று பண்புகள் என்றார் அவர். வாசிக்க இலகு. எனக்குப் பிடிக்காத ஒரு முடிவை எடுக்கப்போகும் ஒருவரின் முன்னால் உட்கார்ந்து அதைச் செய்து பார்க்க வேண்டும்.

மனதுக்கும் வைத்தியம் தேவை என்பது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலினதும் ஆன்மாவினதும் நலன் பற்றி ஒரே நூலில் எழுதினார். கோபம், அச்சம், கவலை, விடாமல் வருத்தும் வஸ்வாஸ் எண்ணங்கள் எல்லாம் அதில் உண்டு. அவசரத்துக்கு மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் நலமாக இருக்கும் நாளிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்கச் சொன்னார். “துஆச் செய்தால் போதும், வேறெங்கும் போகத் தேவையில்லை” என்று பிள்ளையைத் தடுக்கும் பெற்றோரிடம் நான் இவரைப் பற்றிச் சொல்வதுண்டு. துஆவும் கேட்கலாம், துணையும் தேடலாம்.

மொழி இன்னொரு சங்கதி. பாடநூல்கள் ஆங்கிலத்தில் மனச்சோர்வின் அறிகுறிகளை வரிசைப்படுத்துகின்றன. நமது பெண்களோ “மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “நெஞ்சு அடைக்குது”, “தலை விறைக்குது”, “ஒரே பெருமூச்சா வருது” என்கிறார்கள். துக்கம் உடம்பின் வழியாகப் பேசுகிறது. அதை விளங்கிக்கொள்ள அந்த மொழிக்குள் வளர்ந்த ஒருவர் வேண்டும். தமிழ் பேசும் பெண் துணையாளர்கள் இன்னும் பலர் வரவேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதற்காரணம் இது.

இனி, பெற்றோருக்கு. மகளை அழைத்து வரும் தாய்மார் வெளியே காத்திருந்துவிட்டு அநேகமாகக் கேட்பது, “என்ன சொன்னா?” அவர்களுடைய தவிப்பு எனக்கு விளங்குகிறது, நானும் ஒரு தாய். ஆனாலும் சொல்வதில்லை. பிள்ளையின் உயிருக்கோ வேறொருவரின் உயிருக்கோ ஆபத்து இருந்தாலோ, பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தாலோ மட்டும் இரகசியம் காக்க முடியாது. இதை முதல் நாளிலேயே பிள்ளையிடமும் தாயிடமும் சொல்லிவிடுவேன். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், “கலியாணம் பேசுற நேரத்தில் கதை பரவினால்?” என்ற அச்சம் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. என்னிடம் வந்த எவருடைய கதையும் இந்தக் கட்டுரையில் இல்லாததற்கும் அதுவே காரணம்.

படிக்க விரும்பும் மாணவிகள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் உளவியல் கற்கலாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையில் டிப்ளோமா நடத்துகிறது. மூன்று நாளில் சான்றிதழ் தரும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. மேற்பார்வையின் கீழ் செய்முறைப் பயிற்சி எத்தனை மணித்தியாலம் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் காசைக் கட்டாதீர்கள். மேற்பார்வை தகைமை பெற்ற பின்னும் முடிவதில்லை. நான் இன்றும் என்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம் ஒழுங்காகப் போய், என் வேலையைப் பற்றிப் பேசி வருகிறேன்.

துணை தேவைப்படுபவர்கள் கொழும்புக்கு ஓட வேண்டியதுமில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேவை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. சிறுவர் துன்புறுத்தல் பற்றி அறிவிக்க 1929.