முயல் மூளையும் மாத்திரை அளவும்

ரத்தம் உறையும் நேரத்தை அளக்க உதவும் ஒரு மனிதப் புரதம் இப்போது பாக்டீரியாவில் தயாராகிறது. செயற்கை இதய வால்வுடன் வாழ்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை.

கையிலிருந்து எடுத்த சிறிது ரத்தம், பரிசோதனைச் சீட்டில் ஓர் எண். செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அடுத்த பரிசோதனை வரை எத்தனை மில்லிகிராம் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. மருந்து குறைந்தால் வால்வில் ரத்தக் கட்டி சேர்ந்து பக்கவாதம் வரலாம். கூடினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு.

குழந்தைப் பருவத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வுகளைச் சிதைப்பது இந்தியாவில் இன்னும் ஓயவில்லை. திருவனந்தபுரத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள். இத்தகைய வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகௌமரால் மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவை. புதிய மாத்திரையான டாபிகட்ரான் இவர்களுக்கு உதவவில்லை என்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது.

பரிசோதனை எளிமையானதுதான். ரத்தத்தின் தெளிந்த பகுதியான பிளாஸ்மாவில் 'டிஷ்யூ ஃபேக்டர்' என்ற புரதத்தையும் கால்சியத்தையும் கலந்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். மாத்திரை சாப்பிடாதவருக்குச் சுமார் 12 விநாடி. காயம் பட்டதும் ரத்தத்தை உறையத் தூண்டுவது இந்தப் புரதம்தான். மூளையில் இது நிறைய உண்டு. எனவே முயல் மூளையிலிருந்து இதை எடுத்தார்கள். மனித மூளையிலிருந்தும் எடுத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு தயாரிப்பு போல இன்னொன்று இருக்காது. ஒரே ரத்தம், இரண்டு ஆய்வுக்கூடங்களில் இரண்டு விடை. இதைச் சரிசெய்ய உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஐ.எஸ்.ஐ. என்ற எண் உண்டு. நோயாளியின் விநாடியைச் சராசரி விநாடியால் வகுத்து, அதை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் ஐ.என்.ஆர். கிடைக்கும்.

ஒருவரின் ரத்தம் 24 விநாடியில் உறைகிறது, சராசரி 12. ஐ.எஸ்.ஐ. 1 என்றால் விடை 2. அதுவே 1.8 என்றால் விடை சுமார் 3.5! மைட்ரல் வால்வு மாற்றியவருக்கு முதல் விடைக்கு டாக்டர் மருந்தைக் கூட்டுவார், இரண்டாவதற்குக் கூட்டமாட்டார்.

1987-ல் மனித டிஷ்யூ ஃபேக்டரின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் அந்தப் புரதத்தை அது தயாரித்துத் தருகிறது. கொழுப்புப் பொருளுடன் கலந்தால் பரிசோதனைக்கு ரெடி. மூளைச் சாறு போல மற்ற புரதங்களின் கலப்பு இல்லை. தயாரிப்புக்குத் தயாரிப்பு பெரிதாக மாறுவதில்லை. ஐ.எஸ்.ஐ. ஏறக்குறைய 1 என்பதால், விநாடிக் கணக்கில் நேரும் சிறு பிழை பெரிதாவதும் இல்லை. ரத்தம் உறைவது எப்படி என்று ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இதே புரதம் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற முத்திரையுடன் சிறு குப்பிகளில் போகிறது.

முயல் மூளைச் சாறு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் மட்டும் விடை தவறாகிவிடாது. புதுப் பெட்டியைத் திறந்தும், பழைய பெட்டியின் ஐ.எஸ்.ஐ. எண்ணை வைத்தே கணக்குப் போடுவதில்தான் ஆபத்து. விநாடி மட்டும் எழுதிய சீட்டு போதாது, ஐ.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில் பரிசோதித்துக்கொள்வதும் நல்லது.