இரவில் எழ மறுக்கும் பெரியவர்கள்: கழித்த பிறகும் சுகமாக உறங்க முடியுமா?

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசிவிடலாம். படுக்கையில் சிறுநீர் கழிப்பதைப் பற்றி மட்டும் பேச நாக்கு கூசும். அதுவும் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்!

இதில் இரு வகையினர் உண்டு. தூக்கத்தில் தம்மை அறியாமல் கழித்துவிடுபவர்கள் ஒரு வகை. "எழுந்து போகப் போவதில்லை, டயப்பரிலேயே கழித்துவிட்டுத் தூங்குகிறேன்" என்று தாமாகவே முடிவெடுத்தவர்கள் இன்னொரு வகை. இந்த வாரக் கலந்துரையாடலில் நாம் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாம் வகையினரை. இது சோம்பலா, நோயா, அல்லது நியாயமான முடிவா?

ஏன் இப்படி முடிவெடுக்கிறார்கள்?

நம் உடலில் சிறுநீரைக் குறைக்கும் ஒரு சுரப்பு நீர் இரவில் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால்தான் இளைஞர்கள் விடியும் வரை எழாமல் தூங்குகிறார்கள். வயது ஏற ஏற இந்த ஒழுங்கு தளர்கிறது. பகலில் கால் வீக்கமாகத் தங்கிய நீரும், படுத்த பிறகு இரத்தத்தில் கலந்து சிறுநீராகிறது. இரவில் மூன்று, நான்கு முறை எழ வேண்டிய நிலை வருகிறது.

தூக்கக் கலக்கம், இருட்டு, ஈரமான கழிவறைத் தரை, வலிக்கும் மூட்டு. இவை ஒன்றுசேர்ந்தால் விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. முதிய வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் பலர். ஒருமுறை விழுந்து எழுந்தவர், "இனி டயப்பரே போதும்" என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

வேலை நிமித்தமாக இதே முடிவை எடுத்தவர்களும் உண்டு. 1961 மே 5ஆம் நாள், விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட், ஏவுதல் தாமதமானதால் விண்கலத்திலேயே மணிக்கணக்கில் படுத்திருந்தார். வேறு வழியின்றி, அனுமதி கேட்டு, விண்வெளி உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். பல மணி நேரம் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்யும் விண்வெளி வீரர்கள் பின்னர் உறிஞ்சும் உள்ளாடை அணிந்தே சென்றனர். அவர்களை யாரும் குறைவாக எண்ணியதில்லை.

நோய் ஏதுமின்றி, வசதி கருதி மட்டும் இப்படிச் செய்யும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பிறருக்குத் தொல்லை இல்லாதவரை அது அவரவர் சொந்த விஷயம். தோலையும் படுக்கையையும் காக்கும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.

முதலில் கிளினிக், பிறகு டயப்பர்

டயப்பர் மெத்தையைக் காக்கும். நோயைக் காட்டிக் கொடுக்காது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. அடிக்கடி சிறுநீர் வருவது இனிப்புநீரின் அறிகுறியாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறில் ஒருவர்! இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைக் காட்டிலும் அதிகம்.

சிறுநீர்த் தொற்று, ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம், மலச்சிக்கல், பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். வயதான ஆணுக்குப் புதிதாகப் படுக்கை நனைந்தால், சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமே கெட்டுவிடும்.

இரத்த அழுத்தத்திற்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதை எந்நேரம் உட்கொள்வது என்று மருத்துவரைக் கேளுங்கள். நேரத்தை மாற்றுவதே சிலருக்குப் போதும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் தவறு. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். மாலைக்குப் பிறகு கோப்பி, தேநீர், மது ஆகியவற்றைத் தவிர்த்து, படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் நீரைக் குறைத்தால் போதும்.

கழித்த பிறகு சுகமான தூக்கம்

டயப்பரினுள் இருக்கும் தூள், தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அளவு பெரிதாக இருந்தால் தொடையோரம் கசியும். இறுக்கமாக இருந்தால் தோலை அறுக்கும். இரவுக்கென்றே உள்ள கூடுதல் உறிஞ்சு திறன் கொண்டதை, இடுப்பளவு பார்த்து வாங்குங்கள்.

நெடுநேரம் தோலில் படும் சிறுநீர், தோலின் இயற்கையான அமிலத் தன்மையைக் கெடுக்கிறது. தோல் ஊறிச் சிவந்து, பிறகு புண்ணாகிறது. ஆகவே படுக்கும் முன் அவ்விடத்தைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பையோ வாசலினையோ மெல்லியதாகத் தடவுங்கள். அதிகம் அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. முகப் பவுடர் வேண்டாம். ஈரத்தில் கட்டியாகி உரசும்.

மெத்தைக்கு நீர் புகாத உறை, அதன்மேல் துணி விரிப்பு, அதன்மேல் மீண்டும் நீர் புகாத விரிப்பு, துணி விரிப்பு என இரண்டு அடுக்காகப் போடுங்கள். நனைந்தால் மேலடுக்கை உருவிவிட்டு உடனே படுத்துக்கொள்ளலாம். மாற்று டயப்பர், ஈரத்துணி, கைலி ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஈரம் உறுத்தினால் விடியட்டும் என்று காத்திராமல் மாற்றிவிடுங்கள்.

முடிவு யாருடையது?

நன்றாக நடக்கும் தாயாருக்கோ தந்தைக்கோ, "ராத்திரியில் எங்களை எழுப்பாதீர்கள்" என்று டயப்பரை மாட்டிவிடும் வீடுகளும் இருக்கின்றன. இது அவர்கள் எடுத்த முடிவு அன்று, அவர்கள்மீது சுமத்தப்பட்டது. நடக்காத கால் தளர்கிறது. அடக்கிப் பழகிய கட்டுப்பாடும் குறைகிறது. அதைவிட, மனம் ஒடிந்துபோகிறது.

அத்தகையவர்களுக்குக் கட்டில் அருகே சிறு விளக்கு, கழிவறையில் கைப்பிடி, பக்கத்தில் கழிவறை நாற்காலி, ஆண்களுக்குச் சிறுநீர்ப் போத்தல் என வேறு வழிகள் உள்ளன. எது வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். பேரப்பிள்ளைகள் எதிரில் வேண்டாம். அம்மாவிடம் மகளோ மருமகளோ, அப்பாவிடம் மகனோ தனியாகக் கேட்கலாம்.

காரணம் அறிந்து, தோலைக் காத்து, தாமே விரும்பி எடுத்த முடிவானால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரி, உங்கள் வீட்டுப் பெரியவர் நேற்றிரவு எத்தனை முறை எழுந்தார்? தெரியாவிட்டால், இன்றே கேட்டுப் பாருங்கள்.