சூடு என்று ஒதுக்காதீர்கள்

வெள்ளை பட்டால் ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பது நம் தோட்டத்து வழக்கம். நாற்றமில்லாத சிறிதளவு வெள்ளை இயல்புதான். அதுவே மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, துர்நாற்றம் வீசி, அடிவயிறும் வலித்தால் அது சூடல்ல, சகோதரிகளே! கருப்பையிலும் கருக்குழாய்களிலும் கிருமி புகுந்திருக்கலாம். காய்ச்சல், கணவருடன் கூடும்போது வலி, மாதவிலக்கு அல்லாத நாளில் உதிரம் ஆகியவையும் அடையாளங்களே.

சிலருக்கு வலி லேசாகத்தான் இருக்கும். செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய வலி என்று இருந்துவிடுவார்கள். நாளடைவில் கருக்குழாய் தழும்பேறி அடைபடலாம். பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம். அப்போது ‘மலடி’ என்று பேச மட்டும் ஊர் கூடிவிடும்!

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். வலி நின்றாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. பெரும்பாலும் 14 நாள் சாப்பிட வேண்டும். உடலுறவால் தொற்றுவதே அதிகம் என்பதால் கணவரும் மருந்து எடுக்க வேண்டும். பிரசவத்திற்கும் கருச்சிதைவுக்கும் பின்னும் வருவதுண்டு. வீண் சந்தேகச் சண்டை வேண்டாம். மாதவிலக்குத் தள்ளிப்போய்க் கடும் வலியோ மயக்கமோ கண்டால், குழாயில் கரு தங்கியிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.