சாயமிட்ட மரமும் வார்னிஷின் பிடிப்பும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், முதிரைமரத் தூண்களையுடைய தலவில் புனித அன்னாள் ஆலயம் கடலருகே நிற்கின்றது. இத்தகைய கரையோரங்களில் மரம் ஈரத்தால் பருத்து, வறட்சியால் சுருங்கும். மேலுள்ள பூச்சும் அதனோடு அசைதல் வேண்டும். அடியிலிட்ட எண்ணெய்ச் சாயம் உலருமுன் வார்னிஷ் பூசப்படின், அது மரத்தைப் பற்றாது உரியும். பழி பெரும்பாலும் தச்சரையே சாரும். அப்பழி நியாயமானதா என்பதை ஆராய எளிய வழியொன்றுண்டு.

அதே மரத்துண்டில் அதே சாயமும் வார்னிஷும் பூசி, முற்றாக உலரவிட்டு, சிலவாரம் கடற்காற்றில் வைத்தல் வேண்டும். பின்னர் இழையோட்டத்துக்கு 45 பாகை சாய்வில், 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஆறு கீறல்களும், அவற்றுக்குக் குறுக்கே ஆறும் இட்டால் 25 கட்டங்கள் அமையும். ஒட்டுநாடாவை அழுத்தி, ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் ஒரு விநாடிக்குள் இழுக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 2409 நியமத்தில் 0 சிறந்த பிடிப்பு, 5 மிக மோசமானது. அமெரிக்க டி 3359 நியமத்தில் வரிசை நேர்மாறு. எனவே நியமத்தின் பெயரின்றி எண்ணை மட்டும் கூறுதல் பயனற்றது.

எண்ணினும் முக்கியமானது நாடாவின் அடிப்புறம். அதில் நிறமற்ற படலம் மட்டுமே ஒட்டியிருப்பின், சாயத்துக்கும் வார்னிஷுக்கும் இடையிலேயே பிடிப்பு முறிந்தது. சாயமும் சேர்ந்து வந்திருப்பின், குறை சாயப்படையிலோ அதன் அடியிலோ உள்ளது. சாயத்தின் தன்மையா, உலரவிடாத அவசரமா என்று அதன்பின்னரே வினவலாம். அவசரப்படுத்தியவர் வேலை கொடுத்தவராகவும் இருக்கலாம்.

இச்சோதனை பூச்சைச் சிதைப்பது. ஆதலின் பழந்தூண்களில் அன்று, மாதிரித் துண்டிலேயே செய்தல் முறை.